இடுப்பு வலிக்குக் கப்பிங் செய்யலாமா? மற்ற வழிகளோடு ஓர் ஒப்பீடு

இடுப்பு வலி சில வாரங்களைத் தாண்டிவிட்டால் யோசனைகள் நாலா பக்கமிருந்தும் வரும். ஒருவர் கப்பிங், அதாவது தோலின் மேல் குவளை கவிழ்த்து உறிஞ்சவைக்கும் சிகிச்சை, செய்துகொள்ளச் சொல்வார். இன்னொருவர் அக்குபங்சர்தான் கேட்கும் என்பார். மாத்திரை போட்டுக்கொண்டு வேலையைப் பார் என்று ஒருவர், அசையாமல் படுத்திரு என்று ஒருவர், பிசியோதெரபிக்குப் போ என்று ஒருவர். எல்லோருமே தங்களுக்குக் குணம் தந்ததைத்தான் சொல்கிறார்கள். ஆனால் இடுப்பு வலி பெரும்பாலும் தானாக ஏறி, தானாக இறங்குகிற வலி. அது உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் ஏதாவது ஒரு சிகிச்சையைத் தேடி ஓடுகிறோம். உச்சத்துக்கு அப்புறம் பெரும்பாலும் இறக்கம்தான். அது இறங்குகிற நேரத்தில் கையில் எந்தச் சிகிச்சை இருந்ததோ, நல்ல பெயர் அதற்குப் போய்விடுகிறது.

அதனால் "கப்பிங் வேலை செய்யுமா?" என்று மட்டும் கேட்டால் சரியான விடை கிடைக்காது. எதையும் செய்யாமல் இருப்பதைவிட நல்லதா, பாவனைக்குச் செய்வதைவிட நல்லதா, அதே நேரத்தையும் உழைப்பையும் வேறொன்றில் போடுவதைவிட நல்லதா என்று மூன்றாகப் பிரித்துக் கேட்க வேண்டும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோலைக் கீறாத உலர் கப்பிங்கைத் தற்காலிக ஆறுதலாக வைத்துக்கொள்ளலாம், முதன்மைச் சிகிச்சையாக வைத்துக்கொள்ளக் கூடாது. தோலைக் கீறி ரத்தம் எடுக்கும் ஈரக் கப்பிங்கை இடுப்பு வலிக்கு நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஏன் என்பதுதான் மீதிக் கட்டுரை.

முதலில், இது எந்த வகை வலி?

2020ல் உலகம் முழுக்க சுமார் 61.9 கோடிப் பேருக்கு இடுப்பு வலி இருந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். மனிதர்களை வேலை செய்ய முடியாமல் முடக்கும் காரணங்களில் உலக அளவில் முதலிடம் இதற்குத்தான். இவர்களில் பத்துக்கு ஒன்பது பேரிடம் "இதோ, இந்த இடத்தில் இருக்கும் இந்தக் கோளாறுதான் காரணம்" என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. தசை, தசைநார், மூட்டு, டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தை போன்ற வட்டு), தூக்கம், மன அழுத்தம், உட்கார்ந்தே இருக்கும் பழக்கம் என்று பலதும் சேர்ந்துதான் அந்த வலி. இந்தக் கட்டுரை அந்த ஒன்பது பேருக்கானது.

மீதமிருக்கும் ஒருவர் எந்த ஒப்பீட்டையும் படித்துக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டியவர். சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, சிறுநீரோ மலமோ கட்டுப்பாடில்லாமல் போனாலோ, பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சுற்றி மரத்துப்போனாலோ, கால்கள் வலுவிழந்துகொண்டே வந்தாலோ அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். தண்டுவடத்தின் கீழ்முனையிலிருந்து இறங்கும் நரம்புக் கற்றை நசுங்கும்போது இப்படி ஆகும். தாமதித்தால் பாதிப்பு நிரந்தரமாகிவிடலாம். காய்ச்சலோடு வரும் வலி, முன்பு புற்றுநோய் இருந்தவருக்கு வரும் வலி, காரணமில்லாமல் உடல் எடை குறைவது, கீழே விழுந்த பிறகு தொடங்கிய வலி, நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுப்பவர் அல்லது எலும்பு மெலிந்தவருக்குத் திடீரென்று வரும் வலி, எப்படிப் படுத்தாலும் இரவில் விடாத வலி, பாதத்தைத் தூக்க முடியாமல் தொங்குவது ஆகியவற்றையும் மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். இந்த நிலைகளில் கப்பிங்கின் பெரிய ஆபத்து அது ஏற்படுத்தும் தழும்பு அல்ல, அது விழுங்கும் நாட்கள்.

இன்னொரு விஷயம். மேற்சொன்ன அறிகுறிகள் எதுவும் இல்லாமல், பயத்தில் எம்ஆர்ஐ எடுத்து வைத்திருப்பவர்கள் பலர். அறிக்கையில் "டிஸ்க் தேய்மானம்" என்று பார்த்ததும் இனி இடுப்பு அவ்வளவுதான் என்று உடைந்துபோகிறார்கள். வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஆய்வுகளைத் தொகுத்து 2015ல் ஒரு கட்டுரை வெளியானது. 20 வயதினரில் 37 சதவீதம் பேருக்கும், 80 வயதினரில் 96 சதவீதம் பேருக்கும் டிஸ்க் தேய்மானம் இருந்தது. அவர்களில் யாருக்கும் வலி இல்லை. முகத்தில் சுருக்கம் விழுவதைப் போல முதுகெலும்பிலும் வயது தெரிகிறது. அந்த அறிக்கையைப் பார்த்துச் சிகிச்சையைத் தேர்வு செய்ய வேண்டாம்.

கப்பிங் உடம்பில் என்ன செய்கிறது?

கண்ணாடி, பிளாஸ்டிக் அல்லது சிலிக்கான் குவளையைத் தோலின் மேல் கவிழ்த்து, உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றுகிறார்கள். பழைய முறையில் நெருப்பைக் காட்டி உள்ளிருக்கும் காற்றைச் சூடாக்கிவிட்டுக் கவிழ்ப்பார்கள்; காற்று குளிர்ந்து சுருங்கும்போது உறிஞ்சும். இப்போது பெரும்பாலும் கைப்பம்பு. எதுவானாலும் விளைவு ஒன்றுதான். தோலும் அதன் கீழுள்ள கொழுப்புப் படலமும் குவளைக்குள் மேலெழும்பும், அந்த இடத்தில் ரத்த ஓட்டம் கூடும், மெல்லிய ரத்தக் குழாய்கள் வெடித்து ரத்தம் கசியும். வட்ட வட்டமாகத் தெரியும் கருஞ்சிவப்புத் தடம் அந்த ரத்தக்கட்டுதான். 2016 ரியோ ஒலிம்பிக்கில் நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸின் தோளில் உலகமே பார்த்தது இதைத்தான். சில நாட்களிலிருந்து இரண்டு வாரத்துக்குள் மறைந்துவிடும்.

தடம் எவ்வளவு கருப்பாக இருக்கிறதோ அவ்வளவு "கழிவு" வெளியே வந்திருக்கிறது என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அப்படி எதுவும் இல்லை. எவ்வளவு பலமாக உறிஞ்சினார்கள், எவ்வளவு நேரம் வைத்தார்கள், உங்கள் தோல் எவ்வளவு மெல்லியது என்பதைப் பொறுத்துத்தான் நிறம் மாறும். வலி இல்லாத ஒருவரின் முதுகில் வைத்தாலும் அதே தடம் வரும். விலகிய டிஸ்க்கைக் கப்பிங் இழுத்து உள்ளே தள்ளும் என்பதும் சரியல்ல. டிஸ்க் இருப்பது தோலிலிருந்து பல சென்டிமீட்டர் ஆழத்தில், தடித்த முதுகுத் தசைகளுக்கும் எலும்புக்கும் அப்பால். குவளையின் பிடி மேற்பரப்போடு நின்றுவிடுகிறது.

அப்படியானால் கப்பிங் முடித்து எழும்போது பலருக்கு லேசாக இருக்கிறதே, அது பொய்யா? பொய் இல்லை. முழங்கையை இடித்துக்கொண்டால் உடனே அந்த இடத்தைத் தேய்க்கிறோம், தேய்த்தால் கொஞ்சம் அடங்குகிறது. தொடுதலும் அழுத்தமும் தரும் உணர்வு, தண்டுவடத்திலேயே வலிச் செய்தியைக் கொஞ்சம் மட்டுப்படுத்துகிறது. ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் இருவரும் 1965ல் முன்வைத்த வாயில் கோட்பாடு இதைத்தான் விளக்குகிறது. அப்புறம், ஓர் இடத்தில் கடுமையான உணர்வு ஏற்பட்டால் மூளை மற்ற இடத்து வலியைச் சற்றுத் தணித்துக்கொள்ளும். இவை எல்லாம் உண்மையான உடலியல். ஆனால் இவை மணிக்கணக்கில் அல்லது சில நாள் கணக்கில் நிற்கும் ஆறுதல்கள். கப்பிங்குக்கு மட்டும் சொந்தமானவையும் அல்ல. மசாஜும் வெந்நீர் ஒத்தடமும் இதே வழியில்தான் இதம் தருகின்றன.

எதோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது

இதைப் புரிந்துகொண்டால் மற்ற எல்லாம் எளிது, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

கப்பிங் பற்றிய ஆய்வுகளில் பெரும்பாலானவை, கப்பிங் செய்துகொண்டவர்களை வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களோடோ எதுவும் செய்யாமல் காத்திருந்தவர்களோடோ ஒப்பிட்டவை. அவற்றில் கப்பிங் பக்கம் வலி கூடுதலாகக் குறைகிறது. அதைத்தான் "அறிவியல் பூர்வமாக நிரூபிக்கப்பட்டது" என்று விளம்பரங்கள் எடுத்துப் போடுகின்றன. அந்த ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. யாருக்கு எது செய்கிறோம் என்பது நோயாளிக்குத் தெரிந்தே நடந்தவை. ஒருவர் முதுகில் குவளை வைத்துக் கவனித்துப் பார்த்துக்கொள்கிறார், இன்னொருவர் வீட்டிலேயே இருக்கிறார் என்றால், யார் "எனக்குத் தேவலை" என்று சொல்வார் என்பதை ஊகிக்க ஆய்வே தேவையில்லை.

இதைச் சரிசெய்யப் பாவனைக் கப்பிங் என்ற உத்தியைக் கண்டுபிடித்தார்கள். குவளையில் சிறு துளை இருக்கும். வைக்கும்போது உறிஞ்சுவது போலத் தோன்றும், சில நொடிகளில் காற்று உள்ளே போய் உறிஞ்சல் நின்றுவிடும். பிரேசிலில் நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 90 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு உண்மையான உலர் கப்பிங்கும் மறுபாதிக்குத் துளையிட்ட குவளையும் வாரம் ஒருமுறை, எட்டு வாரம் செய்தார்கள். முடிவு 2021ல் வந்தது. வலி, அன்றாட வேலைகளைச் செய்யும் திறன் என்று எதை எடுத்தாலும் உண்மைக் கப்பிங் பாவனைக் கப்பிங்கை மிஞ்சவில்லை.

அக்குபங்சரிலும் இதே கதைதான், அங்கே ஆய்வு இன்னும் பெரியது. ஜெர்மனியில் 1,162 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2007ல் வெளியானது. முறைப்படி ஊசி போட்டுக்கொண்டவர்களில் 47.6 சதவீதம் பேர் ஆறு மாதத்தில் குறிப்பிடத்தக்க அளவு தேறியிருந்தார்கள். சம்பந்தமில்லாத இடங்களில் மேலோட்டமாக ஊசி வைத்தவர்களில் 44.2 சதவீதம். மாத்திரை, பிசியோதெரபி என்று வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களில் 27.4 சதவீதம். இந்த மூன்று எண்களையும் சேர்த்துப் பாருங்கள். வழக்கமான சிகிச்சையோடு ஒப்பிட்டால் அக்குபங்சர் பெரிய வெற்றி. பாவனை ஊசியோடு ஒப்பிட்டால் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. இரண்டும் ஒரே ஆய்வின் முடிவுகள்.

இதிலிருந்து எல்லாம் மனப்பிரமை என்ற முடிவுக்குத் தாவிவிடக் கூடாது. பாவனை ஊசி வாங்கிக்கொண்டவர்களுக்கும் வலி உண்மையிலேயே குறைந்திருக்கிறது. ஒருவர் நேரம் ஒதுக்கி நம் வலியைக் காதுகொடுத்துக் கேட்பது, தொடுவது, குணமாகிவிடும் என்று நம்பிக்கையோடு சொல்வது, அரை மணி நேரம் அசையாமல் படுத்திருப்பது ஆகியவை எல்லாம் வலியைக் குறைக்கின்றன. ஆனால் பலன் இவற்றிலிருந்து வருகிறதென்றால், குவளையும் ஊசியும் அதற்குக் கட்டாயம் இல்லை. இந்தக் கவனிப்பு எந்தச் சிகிச்சையோடும் கிடைக்கலாம். அப்படியிருக்கும்போது, கவனிப்போடு சேர்த்து நீடித்த பலனையும் தரக்கூடிய ஒன்றைத் தேர்ந்தெடுப்பதுதான் புத்திசாலித்தனம் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2017ல் இடுப்பு வலிக்கான வழிகாட்டலை வெளியிட்டது. மருந்தில்லா முறைகளைத்தான் முதலில் செய்து பார்க்கச் சொன்னது. உடற்பயிற்சி, யோகா, தாய்ச்சி (மெதுவான அசைவுகளாலான சீனப் பயிற்சி), மசாஜ், அக்குபங்சர், வெப்பம் என்று நீளும் அந்தப் பட்டியலில் கப்பிங் இல்லை.

ஈரக் கப்பிங்கை ஏன் தவிர்க்கச் சொல்கிறேன்

ஹிஜாமா என்று பலரும் அறிந்த முறையில், குவளை வைத்த இடத்தில் தோலை மெல்லக் கீறி மறுபடி குவளை வைத்து ரத்தத்தை வெளியே எடுக்கிறார்கள். பலருக்கு இது சமய நம்பிக்கையோடும் சேர்ந்தது. அந்த நம்பிக்கையைப் பற்றி இங்கே நான் எதுவும் சொல்ல வரவில்லை. இடுப்பு வலிக்கான சிகிச்சை என்ற அளவில் மட்டும் பார்க்கிறேன்.

வெளியே வருவது "கெட்ட ரத்தம்" என்கிறார்கள். உடம்பில் ரத்தம் ஓரிடத்தில் தேங்கி நிற்பதில்லை, சுற்றிக்கொண்டே இருக்கிறது. முதுகுத் தோலிலிருந்து எடுத்த ரத்தமும் கையிலிருந்து எடுத்த ரத்தமும் ஒரே ரத்தம்தான். கழிவுகளைப் பிரித்தெடுக்கக் கல்லீரலும் சிறுநீரகமும் இருக்கின்றன. குவளைக்குள் கட்டியாகத் தெரிவது உறைந்த ரத்தம். வெளியே வந்த எந்த ரத்தமும் உறையும்.

ஆபத்துகளோ கற்பனையானவை அல்ல. கருவிகள் சரியாகச் சுத்திகரிக்கப்படாவிட்டால் ஹெபடைட்டிஸ் பி, சி, எச்ஐவி தொற்றலாம். கீறிய இடம் சீழ் பிடிக்கலாம். தழும்பு தடித்து வளரும் தோல்வாகு உள்ளவர்களுக்கு நிரந்தர மேடுகள் வரலாம். ரத்தத்தைப் பார்த்ததும் மயங்கி விழுபவர்கள் உண்டு. திரும்பத் திரும்பச் செய்துகொண்டு இரும்புச்சத்துக் குறைந்து ரத்தசோகை வந்தவர்களைப் பற்றியும் மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன. ஒரு பக்கம் இவ்வளவும், மறுபக்கம் உலர் முறையிலேயே கிடைத்துவிடக்கூடிய தற்காலிக ஆறுதல். தராசு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மற்ற வழிகள்

முதலில், சும்மா இருப்பது. வலி வந்து சில நாட்களோ ஒன்றிரண்டு வாரங்களோ ஆகியிருந்தால் இதுவும் ஒரு சிகிச்சைதான். பெரும்பாலானோருக்கு ஆறு வாரத்துக்குள் நன்றாகவே குறைந்துவிடும். சும்மா இருப்பது என்றால் படுத்துக் கிடப்பது இல்லை. ஹெல்சிங்கி நகராட்சி ஊழியர்கள் 186 பேரை வைத்து நடத்திய ஆய்வு 1995ல் வெளியானது. சிலரை இரண்டு நாள் படுத்திருக்கச் சொன்னார்கள், சிலருக்கு முதுகுப் பயிற்சி கொடுத்தார்கள், மீதிப் பேரை வலி தாங்கும் அளவுக்கு வழக்கமான வேலைகளைச் செய்யச் சொன்னார்கள். சீக்கிரம் தேறியவர்கள் அந்தக் கடைசிப் பிரிவினர். வலி புதியது என்றால் வெந்நீர் ஒத்தடம், முடிந்தவரை நடமாட்டம், கொஞ்சம் பொறுமை. இதற்கே கப்பிங்குக்கு ஓட வேண்டியதில்லை.

மாத்திரைகள். இடுப்பு வலிக்கு பாராசிட்டமால் மட்டும் போட்டுக்கொள்வதில் பெரிய பயன் இல்லை. ஆஸ்திரேலியாவில் சுமார் 1,650 பேரை வைத்து நடத்தி 2014ல் வெளியான ஆய்வில், மாத்திரை எடுத்தவர்கள் தேற 17 நாள் ஆனது, மருந்தே இல்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கு 16 நாள். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை ஓரளவு உதவும். ஆனால் வயிற்றுப் புண், சிறுநீரகம், இதயம் என்று மூன்று பக்கமும் அவற்றுக்குப் பின்விளைவு உண்டு. சில நாட்களுக்கு, மருத்துவர் சொன்ன அளவில் என்றால் சரி. மாதக்கணக்கில் தானாக வாங்கிப் போட்டுக்கொள்பவர்களைப் பார்த்தால் கப்பிங்கே மேல் என்று சொல்லத் தோன்றும். ஓபியாய்டு வகை (அபினைப் போலச் செயல்படும்) வலிமருந்துகள், புதிதாக வந்த இடுப்பு வலியிலும் கழுத்து வலியிலும் வெற்று மாத்திரையைவிட மேலாக எதுவும் செய்யவில்லை என்று 2023ல் இன்னொரு ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. பழகிப்போகும் ஆபத்து வேறு.

மசாஜும் முதுகெலும்பைக் கையால் அசைத்துச் செய்யும் சிகிச்சையும் கப்பிங்கின் நெருங்கிய உறவுகள். இரண்டுமே சில வாரங்களுக்கு இதம் தரும். ஆதாரம் கப்பிங்கைவிடக் கொஞ்சம் உறுதியானது, தடமும் விழாது. மருத்துவ வழிகாட்டல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2016ல் இதற்கு ஒரு நல்ல நிபந்தனை போட்டது: கைச்சிகிச்சை கொடுக்கலாம், ஆனால் உடற்பயிற்சியோடு சேர்த்துத்தான். கப்பிங்குக்கும் இந்த நிபந்தனையை அப்படியே பொருத்தலாம்.

அக்குபங்சர் பற்றி நிபுணர் குழுக்களே ஒத்துப்போவதில்லை. அதே 2016 வழிகாட்டலில் நைஸ் அமைப்பு அக்குபங்சரைக் கொடுக்க வேண்டாம் என்றது. பாவனை ஊசியைவிடப் பெரிதாக எதுவும் இல்லை என்பது அவர்கள் வாதம். உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட இடுப்பு வலிக்கு வெளியிட்ட வழிகாட்டலில் ஊசிச் சிகிச்சைகளையும் சேர்த்துக்கொண்டது. கப்பிங்கா அக்குபங்சரா என்று இரண்டில் ஒன்றுதான் என்றால், ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசி வைத்திருக்கும் பயிற்சி பெற்றவரிடம் அக்குபங்சர் செய்துகொள்வதையே நான் சொல்வேன். ஆய்வுகளின் எண்ணிக்கையும் தரமும் அங்கே கூடுதல்.

இடுப்புப் பெல்ட், இழுவைச் சிகிச்சை, அல்ட்ராசவுண்ட் வைப்பது, மின்னதிர்வு தரும் டென்ஸ் கருவி ஆகியவற்றை வழக்கமாகத் தர வேண்டாம் என்று அதே 2023 வழிகாட்டல் சொல்கிறது. பல இடங்களில் பிசியோதெரபி என்ற பெயரில் கிடைப்பது இவை மட்டும்தான் என்பது வருத்தமான விஷயம். படுக்கவைத்துக் கருவியை மாட்டிவிட்டு அனுப்பினால் அது கப்பிங்கைவிட எந்த வகையிலும் உசத்தியில்லை.

உடற்பயிற்சியும் நடையும்

நாள்பட்ட இடுப்பு வலிக்கு, அதாவது மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலிக்கு, உடற்பயிற்சி பற்றிய காக்ரேன் தொகுப்பாய்வு, அதாவது பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து அலசும் காக்ரேன் அமைப்பின் ஆய்வு, 2021ல் வந்தது. 249 ஆய்வுகள், 24,000க்கும் மேற்பட்டவர்கள். பயிற்சி செய்யாதவர்களோடு ஒப்பிட்டால் 100 புள்ளி வலி அளவில் சராசரியாக 15 புள்ளி குறைந்தது. மந்திரம் இல்லை, ஆனால் உணரக்கூடிய வித்தியாசம். அன்றாட வேலை செய்யும் திறனில் கிடைத்த முன்னேற்றம் இதைவிடச் சிறியது.

இங்கே நியாயமான ஒரு கேள்வி எழும். உடற்பயிற்சிக்குப் பாவனை வடிவம் கிடையாதே, செய்கிறவருக்குத் தான் செய்வது தெரியுமே, அப்படியானால் அதன் பலனிலும் நம்பிக்கையின் பங்கு இருக்காதா? இருக்கும். கப்பிங்கை அளந்த அதே கோலால் இதையும் அளந்தால் சில புள்ளிகள் கரையும். ஆனாலும் நான் பயிற்சியின் பக்கம் நிற்பதற்கு அந்த 15 புள்ளிகளைத் தாண்டிய காரணங்கள் இருக்கின்றன. வலி அடிக்கடி திரும்பி வருவதுதான் இந்த நோயின் பெரிய தொல்லை. திரும்பி வருவதைத் தள்ளிப்போடும் என்று நல்ல ஆய்வுகளில் தெரிந்திருப்பது இந்தப் பக்கம்தான்.

ஆஸ்திரேலியாவில் இடுப்பு வலியிலிருந்து அப்போதுதான் மீண்ட 701 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பாதியினருக்குப் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் வலி பற்றி விளக்கி, வாரம் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி நேர நடை என்ற இலக்கை நோக்கிப் படிப்படியாகக் கொண்டுபோனார். மறுபாதியினருக்கு எதுவும் இல்லை. 2024ல் வெளியான முடிவின்படி, வேலையை முடக்கும் அளவுக்கு வலி திரும்புவதற்கு இடைநிலையாக (வரிசையின் நடுவில் இருப்பவரின் கணக்கில்), நடந்தவர்களுக்கு 208 நாளும் நடக்காதவர்களுக்கு 112 நாளும் ஆனது. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. நடைக்கு நேரம் குறித்துக்கொண்டு யாரிடமும் போக வேண்டியதில்லை. கூடவே சர்க்கரை, ரத்த அழுத்தம், தூக்கம், மனநிலை என்று நான்கு பக்கமும் நன்மை. குவளை எவ்வளவு நன்றாக உறிஞ்சினாலும் இந்த நான்கில் ஒன்றையும் தொடாது.

பயிற்சியில் எந்த வகை சிறந்தது என்று குழம்ப வேண்டாம். யோகா, பிலாட்டிஸ், நீச்சல், எடை தூக்குதல் என்று எதுவானாலும் ஆறு மாதம் கழித்தும் நீங்கள் செய்துகொண்டிருக்கப் போவது எதுவோ அதுதான் உங்களுக்குச் சரியானது. தொடக்கத்தில் வலி கொஞ்சம் கூடலாம். அதற்கு இடுப்பு கெட்டுப்போகிறது என்று அர்த்தமில்லை. அடுத்த நாள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் அதே அளவில் தொடரலாம், வராவிட்டால் அளவைக் குறைக்கலாம். பல மாதமாக வலியோடு இருந்து குனியவே பயந்துபோனவர்களுக்கு, அந்தப் பயத்தையும் சேர்த்துப் பார்க்கும் பிசியோதெரபிஸ்ட்டோ உளவியல் ஆலோசகரோ தேவைப்படலாம். எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனமும் சேர்த்துச் சொல்கிறது.

சரி, கப்பிங்குக்கு எங்கே இடம்?

வலியால் நடக்கவே ஆரம்பிக்க முடியவில்லை, மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை, மசாஜ் பார்த்தாயிற்று என்ற நிலையில் இருப்பவர் உலர் கப்பிங்கை ஒரு தொடக்க உதவியாக எடுத்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அது தரும் இரண்டு மூன்று நாள் லேசான உணர்வைப் பயன்படுத்தி நடையைத் தொடங்கிவிட்டால் அந்தக் குவளை தன் வேலையைச் செய்துவிட்டது. ஏற்கனவே செய்து பார்த்து இதமாக இருந்தது, பயிற்சியும் செய்துகொண்டுதான் இருக்கிறேன் என்பவரும் தொடரலாம். வாரா வாரம் கப்பிங் மட்டும் செய்துகொண்டு மற்ற நாளெல்லாம் நாற்காலியிலேயே இருப்பவர் தன் உடம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக இன்னொருவர் கையில் ஒப்படைத்துக்கொண்டிருக்கிறார். எனக்கு மிகவும் கவலை தருவது அந்த நிலைதான்.

யார் உலர் கப்பிங்கைக்கூடத் தவிர்க்க வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்கிறேன். வார்ஃபரின், குளோபிடோக்ரல் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவர்கள், ரத்தம் உறைவதில் கோளாறு உள்ளவர்கள், முதுகில் படை, புண், சோரியாசிஸ் உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும். சோரியாசிஸ் உள்ளவர்களுக்கு, தோல் காயப்பட்ட இடத்திலேயே புதிதாகப் படை கிளம்பலாம். கர்ப்பிணிகள் வயிற்றிலும் கீழ்முதுகிலும் வைக்கக் கூடாது. நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுத்தும் முதுமையாலும் தோல் காகிதம் போல மெலிந்தவர்களுக்கும் வேண்டாம். சர்க்கரை நோயால் தோலில் உணர்வு குறைந்தவர்களுக்கு நெருப்புக் குவளை குறிப்பாக ஆபத்து, சுட்டாலே தெரியாது. பொதுவாகவே நெருப்பு முறையைவிடக் கைப்பம்பு முறை பாதுகாப்பானது. தீக்காயம் கப்பிங்கில் அடிக்கடி பதிவாகும் பாதிப்புகளில் ஒன்று.

செய்துகொள்வது என்று முடிவெடுத்துவிட்டால், போகும் முன்பே ஒரு வேலை செய்யுங்கள். வலியை மட்டும் அளக்காமல் உங்களால் செய்ய முடியாமல் போன இரண்டு மூன்று வேலைகளை எழுதி வையுங்கள்: குனிந்து காலணி மாட்டுவது, ஒரு மணி நேரம் உட்காருவது, குழந்தையைத் தூக்குவது, எதுவானாலும் சரி. செய்பவரிடம் குவளைகளை எப்படிச் சுத்தம் செய்கிறீர்கள், எத்தனை நிமிடம் வைப்பீர்கள், எரிந்தால் உடனே எடுப்பீர்களா என்று கேளுங்கள். கேள்விக்குக் கோபப்படுபவர், டிஸ்க்கைச் சரிசெய்து தருகிறேன் என்பவர், மருத்துவர் கொடுத்த மருந்தை நிறுத்தச் சொல்பவர், முதல் நாளே பத்து அமர்வுக்குச் சேர்த்துக் கட்டச் சொல்பவர் என்று யாராக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். பழைய தடம் மறையும் முன் அதே இடத்தில் மறுபடி வைக்க விடாதீர்கள். கொப்புளம், சீழ், காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் போங்கள், குவளை வைத்ததையும் சொல்லுங்கள். மூன்று அல்லது நான்கு அமர்வுக்கு அப்புறம் எழுதி வைத்ததை எடுத்துப் பாருங்கள். வலி குறைந்தது போல இருந்தும் அந்த வேலைகளில் ஒன்றுகூடச் சுலபமாகவில்லை என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.